பாட்டா: ஒரு மலிவுச் செருப்பின் வரலாறும் செம்மணியின் கேள்வியும்

தெஹிவளையில் காலி வீதியோரம் இருக்கும் செருப்புக் கடைகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ‘விலைக்கழிவு’ அட்டை தொங்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர், பாடசாலைத் தவணை தொடங்கும்போது, பிறகு நத்தாருக்கு. அந்த நாட்களில் கடைக்குள் நின்றால், வேறெங்கும் கேட்க முடியாத ஒரு சொற்றொடர் காதில் விழும். தமிழரும் சிங்களவரும் ஒன்றுபோல், “டி.எஸ்.ஐ. பாட்டா ஒரு சோடி” என்று கேட்பார்கள். டி.எஸ்.ஐ. ஒரு நிறுவனம். பாட்டா அதற்குப் போட்டியான இன்னொரு நிறுவனம். ஒன்றின் பெயரால் மற்றொன்றின் பொருளைக் கேட்கிறோம் என்பதை வாங்குபவரும் கவனிப்பதில்லை, விற்பவரும் திருத்துவதில்லை. எங்கள் பேச்சில் பாட்டா என்றால் இறப்பர் செருப்பு, அவ்வளவுதான்.

ஒரு கம்பனியின் பெயர் இப்படி ஒரு பொருளின் பெயராக மாற வேண்டுமென்றால், அந்தப் பொருள் ஏறத்தாழ எல்லா வீட்டு வாசலிலும் கிடந்திருக்க வேண்டும். கிடந்தது. அதனால்தான் 2025 இல் யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணைக் கிளறியபோது, எலும்புகளோடு ஆடைகள், வளையல்கள், ஒரு பாடசாலைப் பை, பால்போத்தல், பொம்மை என்பவற்றுடன் செருப்புகளும் வெளியே வந்தன.

மலிவுச் செருப்பு இந்த நாட்டுக்கு எப்படி வந்தது, ஏன் எல்லோருடைய காலிலும் ஏறியது என்ற கதையை நான் இங்கே சொல்வது, அது ஒரு வியாபார வெற்றிக் கதை என்பதற்காக அல்ல. அந்த வரலாறு இன்று ஒரு நீதிமன்றத்துக்கு உதவக்கூடியது. எங்கள் குடும்பங்களுக்கும் உதவக்கூடியது.

பாதி விலை

கதை தொடங்குவது 1894 ஆம் ஆண்டு. அப்போது ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த, இன்று செக் குடியரசில் இருக்கும் ஸ்லின் என்ற சிற்றூரில் தொமாஷ் பாட்டாவும் அவருடைய அண்ணனும் அக்காவும் சேர்ந்து ஒரு சப்பாத்துப் பட்டறையைத் தொடங்கினார்கள். அதைப் பெரிய தொழிற்சாலையாக வளர்த்தது ஒரு போர். 1914 இல் முதலாம் உலகப் போர் வெடித்ததும் பேரரசின் இராணுவத்துக்குச் சப்பாத்துத் தைக்கும் கட்டளைகள் குவிந்தன.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. பேரரசு உடைந்து செக்கோஸ்லாவாக்கியா பிறந்தது. சந்தை சுருங்கியது. வாங்குவோர் கையில் காசில்லை. மற்றத் தொழிற்சாலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த 1922 இல், தொமாஷ் பாட்டா தன் சப்பாத்துகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார். விலைவாசியை ஒரு முஷ்டி அடித்து நொறுக்குவது போன்ற விளம்பரத் தாள்கள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. சனம் கடைகளில் முண்டியடித்தது. போட்டியாளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அந்தப் பாதி விலையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். தொழிலாளரின் சம்பளம் 40 வீதம் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக உணவு, உடை போன்ற அத்தியாவசியப் பொருட்களை நிறுவனம் அவர்களுக்குப் பாதி விலையில் கொடுத்தது. மலிவு விலையின் பாரத்தை யாரோ ஒருவர் சுமந்தே ஆகவேண்டும் என்பது அன்றே வெளிச்சமானது. விலையை 9 இல் முடிக்கும் வழக்கத்தையும் இந்த நிறுவனமே பிரபலமாக்கியது. 100 என்று எழுதாமல் 99 என்று எழுதுவதைச் செக் மொழியில் இன்றும் ‘பாட்டா விலை’ என்கிறார்கள். தெஹிவளைக் கடையில் 1999 ரூபா என்று ஒட்டியிருக்கும் சீட்டின் பூர்வீகம் அங்கேதான்.

ஓடியவர்களும் ஒரு கடையும்

1932 இல் தொமாஷ் பாட்டா விமான விபத்தில் இறந்தார். நிறுவனம் அவருடைய தம்பி யான் அந்தோனின் கைக்குப் போனது. 1939 மார்ச்சில் நாஜிப் படைகள் செக் மண்ணுக்குள் நுழைந்தன. அந்த நாட்களில் நிறுவனம் தன் யூத ஊழியர்களை வெளிநாட்டுக் கிளைகளுக்கு ‘இடமாற்றம்’ செய்தது. கடிதத்தில் அது ஓர் அலுவலக உத்தரவு. போனவர்களுக்கு அது உயிர்.

அப்படிப் போனவர்களில் ஸ்லின் பாட்டா வைத்தியசாலையில் வேலை செய்த ஒரு வைத்தியரின் குடும்பமும் இருந்தது. அவர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். 1942 இல் ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்க, தாயும் இரண்டு ஆண்பிள்ளைகளும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். பின்தங்கிய தகப்பன் உயிரோடு வரவில்லை. தாய் டார்ஜிலிங்கில் ஒரு பாட்டா கடையை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பிற்காலத்தில் ஆங்கில நாடக உலகில் பெயர் பெற்ற ரொம் ஸ்ரொப்பார்ட். கப்பலேறி வந்து, தெரியாத ஊரில் ஒரு கடையின் கல்லாவில் இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மாரை எங்களுக்குத் தெரியும். ரொறன்ரோவிலும் லாச்சப்பலிலும் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

1945 க்குப் பிறகு செக்கோஸ்லாவாக்கியாவில் இருந்த தொழிற்சாலைகளை அரசு தேசியமயமாக்கியது. ஏற்கெனவே 1939 இல் கனடாவுக்குப் போயிருந்த தொமாஷின் மகன், வெளிநாட்டுக் கிளைகளை வைத்து நிறுவனத்தை மீண்டும் கட்டினார். அதாவது, எங்கள் ஊர்களில் நாங்கள் கண்ட பாட்டா, தன் சொந்த ஊரை இழந்த ஒரு நிறுவனம்.

ஆசியாவுக்கு வந்த வழி

1930 களிலேயே கல்கத்தாவுக்கு அருகில் முதலில் கொன்னகரிலும் பின்னர் பாட்டாநகர் என்று பெயரிட்ட புதிய ஊரிலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. லாகூருக்கு அருகில் பாட்டாபூர் வந்தது. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் அந்த ஊர் போர்முனையானது. இலங்கையில் இரத்மலானையில் தொழிற்சாலை அமைந்தது. தெஹிவளையிலிருந்து காலி வீதியால் கல்கிசையைத் தாண்டினால் வருவது இரத்மலானை. பஸ்ஸில் போனால் சில தரிப்பிடங்கள்தான்.

வெறுங்காலோடு நடந்த ஒரு சமூகத்துக்குச் செருப்பு விற்க வேண்டுமென்றால் அது மலிவாக இருக்க வேண்டும். மழைக்கும் சேற்றுக்கும் தாங்க வேண்டும். இறப்பர் விளையும் நாட்டில் இறப்பர் செருப்பு அதற்குப் பொருந்தியது. ஒரே அச்சில் இலட்சக்கணக்கில் வெட்டலாம். அளவு இலக்கத்தையும் பெயரையும் அடியில் பதிக்கலாம். நகரத்திலும் கிராமத்திலும் ஒரே விலைக்கு விற்கலாம். தையற்காரச் சப்பாத்துக்கும் தோற்செருப்புக்கும் கொடுக்கக் காசில்லாதவர் இதை வாங்கினார். சாதியின் பெயரால் சிலர் செருப்புப் போடுவதையே தடுத்த ஊர்கள் எங்களிடம் இருந்தன. காசைக் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் ஒரு சோடி இறப்பர் செருப்புக்கு அங்கே விலையைவிடப் பெரிய பெறுமதி இருந்தது.

1962 இல் உள்நாட்டு நிறுவனமான டி. சாம்சன் இண்டஸ்ட்ரீஸ், அதாவது டி.எஸ்.ஐ., தொடங்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. வெளியிலிருந்து வருவது குறையக் குறைய உள்ளூர் உற்பத்திக்கு இடம் கிடைத்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகும் இறக்குமதித் தீர்வைகளின் மறைவில் உள்ளூர்ச் செருப்புத் தொழில் நின்றுபிடித்தது. காட்சியறைகள் ஊருக்கு ஊர் பெருகின. ஆனால் சனத்தின் வாயில் பாட்டா என்ற பெயர் முன்னரே குடியேறிவிட்டது. புதியவருடைய செருப்பும் பாட்டாவாகவே விற்பனையானது.

இந்த நிறுவனத்தின் ஆசியக் கதையில் எங்கள் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார். வில்லியம் ஔடர்லான்ட். ஒல்லாந்தில் பிறந்தவர். 1971 இல் டாக்காவுக்கு அருகிலுள்ள தொங்கி பாட்டா தொழிற்சாலையின் உயர் அதிகாரி. வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரி என்பதால் பாகிஸ்தான் இராணுவ வட்டாரங்களுக்குள் அவரால் போய்வர முடிந்தது. இராணுவம் செய்த கொடுமைகளை இரகசியமாகப் படமெடுத்து வெளிநாட்டு ஊடகங்களுக்கு அனுப்பினார். விடுதலைப் போராளிகளுக்கும் உதவினார். பின்னர் வங்கதேசம் அவருக்கு ‘பீர் புரொத்திக்’ என்ற வீர விருதை வழங்கியது. அந்த விருதைப் பெற்ற ஒரே வெளிநாட்டவர் அவர். செருப்பு விற்க வந்த இடத்தில் சாட்சியாக நின்ற மனிதர்.

எங்கள் வாசல்களில்

1983 ஜூலையில் வெள்ளவத்தையும் தெஹிவளையும் எரிந்தபோது, உயிர் தப்பிய தமிழர் பலர் இரத்மலானைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விமான நிலையக் கொட்டகையிலும் இந்துக் கல்லூரியிலும் முகாம்கள் இருந்தன. பலர் உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். செருப்புத் தொழிற்சாலை இருந்த அதே ஊரில் வெறுங்காலோடு ஒரு சனம் வரிசையில் நின்றது.

1990 இல் வடக்கு மீது பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் எல்லாம் தடைக்குள் போயின. தடை செய்யப்படாத பொருளும் கிளாலிக் கடலைக் கடந்து வந்து சேரும்போது விலை ஏறியிருந்தது. மலிவு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இல்லாமல் போனது.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியபோது நான் சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருப்பது சனத்தின் முகங்கள் அல்ல, கால்கள். மழையில் நாவற்குழிப் பக்கம் நகர முடியாமல் நின்ற கூட்டத்தில் என் உயரத்துக்கு அவைதான் தெரிந்தன. அம்மாவின் ஒரு செருப்பில் வார் நீலம், மற்றதில் பச்சை. அறுந்த வாருக்குப் பதிலாக எங்கோ கிடந்த பழைய செருப்பின் வாரைக் கழற்றிப் போட்டிருந்தா. அதன் குமிழ் மேலே வந்துவிடாமல் அடியில் ஒரு ஊசி குத்தியிருந்தா. அந்தச் செருப்பை ஆயிரம் செருப்புகளுக்குள் போட்டாலும் நான் எடுப்பேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. ஊசி குத்தாத, கம்பி கட்டாத, தைக்காத செருப்பு அந்தக் காலத்து வடக்கில் எந்த வீட்டில் இருந்தது? தொழிற்சாலை இலட்சம் சோடியை ஒரே மாதிரி செய்தது. வறுமையும் தடையும் ஒவ்வொன்றையும் வேறுவேறாக்கின.

செம்மணியில் செருப்பு என்ன சொல்லும்

செம்மணியின் பெயர் முதலில் வெளியே வந்தது 1998 இல். 1996 இல் மாணவி கிருசாந்தி குமாரசாமியும் அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ, 300 முதல் 400 வரையான உடல்கள் அங்கே புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1996 இல் மட்டும் யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை கணக்கிட்டிருந்தது. 1999 அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பிறகு நீண்ட மௌனம். 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலையின்போது எலும்புகள் தென்பட, நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. அவ்வருடம் செப்டெம்பருக்குள் 200 க்கும் அதிகமான எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. சிறுபிள்ளைகளுடையவையும் அவற்றில் உண்டு.

இலங்கையில் மனிதப் புதைகுழி என்றாலே அடுத்து வரும் சண்டை ஆண்டைப் பற்றியது. மாத்தளையில் 2012 இல் கண்டுபிடிக்கப்பட்ட எலும்புகள் 1986 க்கும் 1990 க்கும் இடைப்பட்டவை என்று தொல்லியலாளர் பேராசிரியர் ராஜ் சோமதேவ அறிக்கையிட்டார். ஜனாதிபதி ஆணைக்குழுவோ அவை 1950 க்கு முற்பட்டவை என்றது. மன்னார் சதொச வளாகத்தில் 300 க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கார்பன் பரிசோதனை அவை 1404 முதல் 1635 வரையான காலத்தவை என்று 2019 இல் சொன்னது. குடும்பங்களின் தரப்பு அதைக் கேள்வி கேட்டது. கொக்குத்தொடுவாயில் எடுக்கப்பட்ட 52 பேரின் எச்சங்களை 1994 முதல் 1996 வரையான காலத்தவை என்று சோமதேவவின் அறிக்கை குறிப்பிட்டது.

இந்தச் சண்டையில் செருப்புக்கு ஒரு தனி இடம் உண்டு. இறப்பரும் பிளாஸ்ரிக்கும் மண்ணில் எளிதில் உக்காது. அடியில் பதித்த பெயர், அச்சு வடிவம், அளவு இலக்கம் பல வருடங்களுக்குப் பிறகும் வாசிக்கக்கூடியதாக இருக்கலாம். ஒரு பொருள் உற்பத்தியாவதற்கு முன்னர் அது புதைக்கப்பட்டிருக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட அச்சு 1993 இல் தொடங்கியது என்று உற்பத்தியாளரின் பதிவு சொன்னால், அந்தக் குழி அதற்கு முந்தியதல்ல. யாரும் அதைப் பிரித்தானியர் காலத்து மயானம் என்று சொல்ல முடியாது. அளவு இலக்கமும் பேசும். ஆங்கில அளவுமுறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. சின்னப் பிள்ளையின் செருப்பென்றால், அதன் இலக்கம் பிள்ளையின் வயதை அண்ணளவாகச் சொல்லிவிடும்.

செருப்பால் முடியாதவையும் உண்டு. ஒரே அச்சை ஒரு நிறுவனம் பத்து, இருபது வருடங்கள் ஓட்டலாம். பழைய செருப்பை இன்னொருவர் போடலாம். எனவே அது காலத்தின் ஒரு எல்லையை மட்டுமே காட்டும். யார் கொன்றது என்பதை அது சொல்லாது. அடையாளத்தை உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனையே வேண்டும். ஆனால் யாருடைய மரபணுவோடு ஒப்பிடுவது என்று தேடத் தொடங்குவதற்கு, ‘இது என் பிள்ளையினுடையது’ என்று ஒரு தாய் சொல்வது வழிகாட்டும்.

இது கற்பனை அல்ல. அவுஷ்விட்ஸ் நினைவகத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சப்பாத்துகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 8,000 பிள்ளைகளுடையவை. 2020 இல் அவற்றைப் பராமரித்தபோது ஒரு சின்னச் சப்பாத்துக்குள் கையெழுத்தில் ஒரு பெயர் தெரிந்தது. அமோஸ் ஸ்டைன்பேர்க், 1938 இல் பிராக் நகரில் பிறந்த பிள்ளை. எழுபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அந்தச் சப்பாத்துக்கு உரியவர் யாரென்று தெரிந்தது. பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிற்சா படுகொலைக்குப் பிறகு, புதைகுழிகளில் கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் படமெடுத்துப் புத்தகமாக்கி, குடும்பங்களின் கைகளில் கொடுத்தார்கள். தாய்மாரும் மனைவிமாரும் தங்கள் கையால் போட்ட ஒட்டையும் தையலையும் தேடி அந்தப் பக்கங்களைப் புரட்டினார்கள்.

செய்யக்கூடியவை

செம்மணியில் கிடைத்த பொருட்களைப் பொதுமக்கள் பார்வையிட 2025 ஓகஸ்ட் 5 அன்று நீதிமன்றம் அனுமதித்தது. அது முக்கியமான படி. ஆனால் ஒரு இடம், ஒரு பிற்பகல். 1996 இல் யாழ்ப்பாணத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் இன்று வவுனியாவில் இருக்கலாம், திருச்சி முகாமில் இருக்கலாம், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கலாம். பல தாய்மார் தேடலோடே கண்ணை மூடிவிட்டார்கள். இருப்பவர்களுக்கும் காலம் அதிகம் இல்லை.

முதலாவது, நீதிமன்றத்தின் அனுமதியோடு ஒவ்வொரு பொருளும் முறையாகப் படமெடுக்கப்பட்டு, குடும்பங்கள் எங்கிருந்தும் பார்க்கக்கூடிய ஒரு தொகுப்பாக வரவேண்டும். செருப்பென்றால் மேற்பக்கம் மட்டும் போதாது. அடியையும் வாரின் குமிழையும் எடுக்க வேண்டும். குடும்பத்துக்குத் தெரிந்த ஊசியும் கம்பியும் தையலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, இலங்கையில் செருப்பு உற்பத்தி செய்த நிறுவனங்கள் 1980 கள், 1990 களின் அச்சு மாதிரிகள், பெயர்ப் பொறிப்புகள், விலைப்பட்டியல்கள், விளம்பரங்கள் ஆகியவற்றை நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். அதை அவர்களிடம் கேட்க வேண்டிய பொறுப்பு விசாரணையாளர்களுக்கும் காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் உண்டு. எந்தச் செருப்பு எந்த நிறுவனத்தினது என்பதை ஊகத்தில் சொல்லக்கூடாது, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நிறுவனமும் இதில் குற்றவாளி அல்ல. ஒரு பழைய பதிவேட்டைத் திறப்பதுதான் கேட்கப்படுவது.

மூன்றாவது எங்களுடைய வேலை. பழைய பத்திரிகைகளில் வந்த செருப்பு விளம்பரங்கள், கடைக்காரர்கள் வைத்திருக்கும் பற்றுச்சீட்டுகள், குடும்பப் படங்களில் காலில் தெரியும் செருப்புகள் எல்லாம் ஆதாரங்கள்தான். காணாமல் போனவரின் படத்தை எல்லோரும் மார்புவரை வெட்டிப் பதாகையில் போடுகிறோம். வீட்டில் இருக்கும் முழுப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அவர் அன்று என்ன உடுத்திருந்தார், காலில் என்ன போட்டிருந்தார், அதில் என்ன திருத்தம் இருந்தது என்று தெரிந்த பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

2009 க்குப் பிறகு ஏ9 வீதி திறந்ததும் தென்னிலங்கையின் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் காட்சியறைகளும் வடக்குக்கு வந்தன. விலைக்கழிவு அட்டை இப்போது யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் தொங்குகிறது. அந்தச் சந்தையின் வாடிக்கையாளர்களில் முள்ளிவாய்க்கால் மணலில் செருப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். செம்மணியில் கிடந்த செருப்புகளை யாருக்கோ வாங்கிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இத்தனை வருடங்களாகச் செருப்பு விற்றவர்களிடம், எந்தச் செருப்பை எந்த வருடம் விற்றீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. பதிவேடுகள் இருக்கும்போதே, கேட்கும் தாய்மார் இருக்கும்போதே, அதற்குப் பதில் வர வேண்டும்.